வேலியோரக் காற்றும் ஆண்டுச் சராசரியும்: பெட்ரோ வேதி ஆலைகளின் காற்று மாசு அளவீடு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோ வேதி ஆலைகளும் வெளியிடும் காற்று மாசினைக் கண்காணிக்கும் முறைகள் 1940களின் இறுதியிலிருந்து பல மாற்றங்களைக் கண்டுள்ளன. இவ்வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வளர்ச்சியாகவே எழுதப்பட்டுள்ளது. எதை அளப்பது என்பதைக் காட்டிலும் எந்த இடத்தில், எவ்வளவு நேரத்துக்கு அளப்பது என்பதே ஆலைகளுக்கும் அண்டை மக்களுக்கும் இடையிலான பூசலின் மையமாக இருந்துவந்துள்ளது என்பதை லாஸ் ஏஞ்சலஸ், லூசியானா, கடலூர் ஆகிய மூன்று இடங்களின் நிகழ்வுகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பெட்ரோ வேதி ஆலை, எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், வாளிப் படை, நோர்கோ, கடலூர் சிப்காட், காற்றுத் தர நெறிமுறை, பென்சீன்

முன்னுரை

புகைபோக்கி கண்ணுக்குத் தெரிவது. அதன் வாயில் ஒரு கருவியைப் பொருத்தி வெளியேறும் வாயுவை அளந்துவிடலாம். பெட்ரோ வேதி ஆலையின் சிக்கல் அத்துடன் முடிவதில்லை. ஆயிரக்கணக்கான வால்வுகள், குழாய் இணைப்புகள், பம்புகளின் அடைப்புகள், சேமிப்புத் தொட்டிகளின் கூரை விளிம்புகள், கழிவுநீர்த் தொட்டிகள் ஆகியவற்றிலிருந்து பென்சீன், டொலுயீன், பியூட்டாடையீன் போன்ற சேர்மங்கள் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருக்கின்றன. இக்கசிவுக்கு நிறமில்லை. சிலவற்றுக்கு மணமும் இல்லை. ஆலையின் எல்லா வாயில்களையும் எண்ணி முடிப்பதே அரிது என்பதால், வெளியேறும் மொத்த அளவை அளப்பதற்கு மாறாகக் கணக்கிடும் வழக்கம் தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. ஒரு வகை வால்வுக்கு இவ்வளவு கசிவு என ஒரு காரணியை வைத்துக்கொண்டு, அதனை வால்வுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் ஆண்டறிக்கை ஆயத்தமாகிவிடும். அந்த அறிக்கையில் உள்ள எண்ணுக்கும் வேலிக்கு வெளியே உள்ளோர் சுவாசித்த காற்றுக்கும் இடையிலான தொலைவே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

லாஸ் ஏஞ்சலஸ்: கணக்கில் வராத ஆவி

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு 1947-இல் நிறுவப்பட்டது. நகரைச் சூழ்ந்து கண்ணை எரியச் செய்த புகைமூட்டத்துக்குக் கந்தக டை ஆக்சைடே காரணம் என அக்காலத்தில் கருதப்பட்டது. சுத்திகரிப்பு ஆலைகள் கந்தகத்தைக் குறைக்குமாறு பணிக்கப்பட்டன. கந்தகம் குறைந்தபோதிலும் கண்ணெரிச்சல் குறையவில்லை.

கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களை ஆய்ந்துகொண்டிருந்த டச்சு உயிர்வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மித் இப்புதிரில் ஈடுபட்டார். பழத்தின் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் அதே முறையில் நகரக் காற்றைக் குளிர்வித்து, அதிலிருந்து சில துளி பழுப்பு நிறத் திரவத்தைப் பெற்றார். அதனை ஆராய்ந்ததன் வழியாக, வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனையும் பிற எரிச்சலூட்டிகளையும் உண்டாக்குகின்றன என்ற முடிவை 1950களின் தொடக்கத்தில் வெளியிட்டார். எண்ணெய்த் தொழில்துறையின் நிதியுதவியுடன் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம் இம்முடிவை எதிர்த்து வாதிட்டது. ஹாகன்-ஸ்மித்தின் விளக்கமே இறுதியில் நிலைத்தது.

இதன் விளைவு குறிப்பிடத்தக்கது. அதுவரை உற்பத்தி இழப்பு எனக் கருதப்பட்ட ஆவியாதல் முதன்முறையாக மாசு ஆயிற்று. எண்ணெய்த் தொட்டிகளில் திரவத்தின் மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதக்கும் கூரைகள் கட்டாயமாக்கப்பட்டன. 1950களின் பிற்பாதியில் மாவட்ட, மாநில, கூட்டாட்சி அமைப்புகள் இணைந்து சுத்திகரிப்பு ஆலைகளின் வால்வுகள், பம்புகள், தொட்டிகள் ஆகியவற்றின் கசிவை நேரடியாக அளந்தன. பிற்காலக் கணக்கீட்டு மரபுக்கு இவ்வளவீடுகளே வித்திட்டன. நேரில் அளந்து பெற்ற எண்கள், அதன் பின் வந்தோர் அளக்காமலே இருப்பதற்கு வசதி செய்து கொடுத்தன என்பது இவ்வரலாற்றின் முரண்.

கசிவைத் தேடும் முறையும் அதன் எல்லையும்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1980களின் தொடக்கத்தில் ‘முறை 21’ என்னும் சோதனையை வகுத்தது. பணியாளர் ஒருவர் கையடக்கக் கருவியுடன் ஒவ்வொரு வால்வாகச் சென்று, அதன் தண்டைச் சுற்றிக் கருவியின் முனையை மெதுவாக நகர்த்த வேண்டும். அளவு வரம்பை மீறினால் அட்டை கட்டிக் குறிப்பிட்ட நாள்களுக்குள் பழுது நீக்க வேண்டும். ‘கசிவு கண்டறிதலும் பழுது நீக்கலும்’ என இன்று உலகெங்கும் வழங்கும் திட்டம் இதுவே. முறையாகச் செய்தால் மிகுந்த பயன் தரும் திட்டம். பெரும் முதலீடும் தேவையில்லை.

முறையாகச் செய்யப்பட்டதா என்பதற்கு ஒரு சான்று உண்டு. முகமையின் புலனாய்வுப் பிரிவினர் 17 சுத்திகரிப்பு ஆலைகளில் தாமே கருவியைப் பிடித்து அளந்தனர். ஆலைகள் அளித்த அறிக்கைகளின்படி கசியும் வால்வுகள் சராசரியாக 1.3 விழுக்காடு, முகமையினர் கண்டது 5 விழுக்காடு. 1999-இல் இம்முடிவு வெளியிடப்பட்டது. கருவி ஒன்றுதான், சோதனை முறையும் ஒன்றுதான். கருவியின் முனை வால்வின் அருகில் எவ்வளவு நேரம் நின்றது என்பதில்தான் பெரும் வேறுபாடு இருந்தது. ஒரே நாளில் ஒரு மனிதர் சோதித்து முடிக்கவே இயலாத எண்ணிக்கையில் வால்வுகளைச் சோதித்ததாகப் பதிவேடுகள் கூறினால் அவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை வரலாற்று மாணவர் அறிவார்.

2000-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பகுதியில் நடைபெற்ற பெரும் காற்று ஆய்வு இவ்வையத்தை வலுப்படுத்தியது. பெட்ரோ வேதி ஆலைகளின் மேலாக ஆய்வு விமானங்கள் பறந்து அளந்த எத்திலீன், புரோப்பிலீன் அளவுகள், ஆலைகளின் கணக்கேட்டில் இருந்த அளவுகளைப் போலப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை இருந்தன. காரணிகளைப் பெருக்கிக் கிடைத்த எண் காற்றைப் பற்றியதன்று. ஆலை எவ்வாறு இயங்க வேண்டுமோ அதைப் பற்றியது.

நோர்கோ: வாளியில் பிடித்த காற்று

மிசிசிப்பி ஆற்றங்கரையில், லூசியானா மாநிலத்தின் நோர்கோ என்னும் ஊரில், ஷெல் நிறுவனத்தின் வேதி ஆலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் நடுவே நான்கே தெருக்கள் கொண்ட குடியிருப்பு ஒன்று இருந்தது. டயமண்ட் என்பது அதன் பெயர். அங்கு வாழ்ந்தோர் ஆப்பிரிக்க அமெரிக்கர். வேதி ஆலை கட்டப்பட்டபோது முன்னைய குடியிருப்பிலிருந்து பெயர்க்கப்பட்டு அங்கு வந்தோரும் அவர்தம் வழியினரும் அவர்களுள் பலர். 1973-இல் ஆலையின் குழாய் ஒன்றிலிருந்து கசிந்த வாயு தீப்பற்றியதில், வீட்டிலிருந்த மூதாட்டி ஒருவரும் புல்வெட்டிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனும் மாண்டனர். 1988-இல் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிப்பில் ஏழு பணியாளர்கள் உயிரிழந்தனர். விபத்துகள் பதிவாயின. அன்றாடக் காற்றோ பதிவாகவில்லை. குடியிருப்பினர் தொடுத்த வழக்கு 1997-இல் தோற்றது.

இதற்கிடையில் கலிஃபோர்னியாவில் ஒரு கருவி உருவாகியிருந்தது. ரோடியோ என்னும் ஊரில் யூனோகால் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 1994 ஆகஸ்ட் மாதம் தொடங்கி 16 நாள்கள் வேதிப்பொருள் கசிந்தது. பாதிக்கப்பட்டோருக்காக வாதாடிய வழக்கறிஞர் எட்வர்ட் மேஸ்ரி, அவ்வாலைக்கு அருகே சென்றபோது ஆலையின் புகையால் தாமே உடல்நலம் குன்றினார். காற்றில் கேடு ஏதும் இல்லை என்றே அதிகாரிகளின் கண்காணிப்பு கூறியது. சாதாரண மக்கள் கையாளத்தக்க, விலை மலிந்த கருவி ஒன்றை வடிவமைக்குமாறு பொறியாளர்களை அவர் கேட்டுக்கொண்டார். ஐந்து காலன் கொள்ளும் நெகிழி வாளி, அதன் மூடியில் ஒரு வால்வு, உள்ளே வேதிப்பொருள்களோடு வினைபுரியாத டெட்லார் பை, வாளியின் உட்காற்றை உறிஞ்சும் சிறு பம்பு ஆகியவையே அதன் உறுப்புகள். பைக்கு வெளியே உள்ள காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று தானே பைக்குள் புகும். சில நிமிடங்களில் பை நிறைந்துவிடும். அதனை விரைந்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் வாயு நிறப்பகுப்பு முறையில் பல்வேறு சேர்மங்களைத் தனித்தனியே கண்டறியலாம். டெனி லார்சன் போன்ற செயற்பாட்டாளர்கள் இதனை ஊர்தோறும் பரப்பினர். தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றும் மக்களைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு இக்குழுக்கள் ‘வாளிப் படை’ எனப்பட்டன.

1990களின் இறுதியில் வாளி நோர்கோவுக்கு வந்தது. ஆசிரியராக இருந்த மார்கி ரிச்சர்ட் தலைமையில் குடியிருப்பினர் நாற்றம் எழுந்த நேரங்களில் காற்றைப் பிடித்தனர். பையிலிருந்த காற்றில் ஆலைகளின் வேதிப்பொருள்கள் இருப்பதை ஆய்வகம் உறுதி செய்தது. தி ஹேக் நகரில் நடைபெற்ற கூட்டம் ஒன்றில் ஷெல் நிறுவன அலுவலர் ஒருவரிடம் ரிச்சர்ட் நோர்கோவின் காற்று நிறைந்த பை ஒன்றை நீட்டினார். முதலில் இரண்டு தெருக்களை மட்டும் விலைக்கு வாங்க முன்வந்த நிறுவனம், 2002-இல் நான்கு தெருக்களுக்கும் உடன்பட்டது. ஆலையின் வெளியேற்றத்தை 30 விழுக்காடு குறைக்கவும் ஒப்புக்கொண்டது. 2004-இல் ரிச்சர்டுக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது வழங்கப்பட்டது.

இதனை வெற்றிக் கதையாக மட்டும் படிப்பது எளிது. ஸ்டீவ் லெர்னரின் ‘டயமண்ட்’ (2005) என்னும் நூல் ஏறக்குறைய அவ்வாறே படிக்கிறது. க்வென் ஆட்டிங்கரின் ஆய்வுகள் வேறொரு கோணத்தைத் திறக்கின்றன. வாளி சில நிமிடக் காற்றைப் பிடிக்கிறது. லூசியானா மாநில நெறிமுறைகளோ 8 மணி நேரச் சராசரிக்கோ ஓராண்டுச் சராசரிக்கோ வகுக்கப்பட்டவை. எனவே ‘உங்கள் எண்ணை எங்கள் நெறிமுறையோடு ஒப்பிட இயலாது’ என்று கூறி அதிகாரிகள் வாளியை ஒதுக்கிவிட முடிந்தது. பொருத்தமான சராசரி முறையில் அளந்தபோது காற்று நெறிமுறைக்கு உட்பட்டே இருப்பதாக நிறுவனத்தால் கூற முடிந்தது. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதே இதில் கருதத்தக்கது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓராண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. ஓர் இரவில் ஒரு மணி நேரம் கன மீட்டருக்கு 2,000 மைக்ரோகிராம் பென்சீன் வீசுவதாகக் கொள்வோம். ஆண்டுச் சராசரியில் அது 0.23 மைக்ரோகிராமை மட்டுமே கூட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தவருக்கு இவ்வெண்ணை எவ்வாறு விளக்குவது? நெடுங்காலப் புற்றுநோய் ஆபத்தை மதிப்பிட ஆண்டுச் சராசரி தேவைதான். தலைசுற்றலையும் மூச்சுத் திணறலையும் மதிப்பிட அது பயன்படாது. நோர்கோ மக்கள் கேட்டது இரண்டாவது கேள்வி. அவர்களுக்குக் கிடைத்தது முதற் கேள்விக்கான விடை.

கடலூர்: இரவல் நெறிமுறை

வாளி தமிழகத்துக்கு வந்த வழி இதுவே. லார்சனின் குளோபல் கம்யூனிட்டி மானிட்டர் அமைப்பின் தொடர்பால், 2004-இல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1980களில் உப்பனாற்றின் கரையோரம் அமைந்த இத்தொழிற்பேட்டை, துல்லியமாகச் சொன்னால், பெட்ரோ வேதி வளாகம் அன்று. மருந்து, பூச்சிக்கொல்லி, சாய இடைப்பொருள் ஆலைகளே அங்கு மிகுதி. எனினும் அவை பயன்படுத்தும் கரைப்பான்களும் மூலப்பொருள்களும் பெட்ரோ வேதித் தொழிலின் வழிவந்தவை. காற்றில் கலப்பனவும் அதே குடும்பத்துச் சேர்மங்களே.

குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களின் மக்கள் நெடுங்காலமாக முறையிட்டுவந்தனர். ஓய்வுபெற்ற சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஜே. கனகராஜ் நடத்திய மக்கள் தீர்ப்பாய விசாரணையும் அம்முறையீடுகளைப் பதிவு செய்தது. ஆயினும் அரசுக் கண்காணிப்பின் எண்கள் அவர்கள் பக்கம் பேசவில்லை. அதற்குக் காரணம் எளிது. 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின் வழியாகவும் 1984-இல் தொடங்கிய தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் வழியாகவும் வழக்கமாக அளக்கப்பட்டவை கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், மிதக்கும் தூசு ஆகிய மூன்றே. 1947-இல் லாஸ் ஏஞ்சலஸ் எந்தக் கந்தகத்தைத் தேடியதோ அதனையே கடலூரும் தேடிக்கொண்டிருந்தது. தேடாத பொருள் கிடைக்காது.

‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பு’ என்ற பெயரில் இயங்கிய ஊரார் குழு, நாற்றம் எழும் நாள், நேரம், காற்றின் திசை, உடலில் ஏற்பட்ட தொல்லை ஆகியவற்றைக் குறித்துவைத்தது. நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் மணத்தைக் குறித்து நின்று, பின்னர் இழிந்து இன்றைய பொருளை அடைந்தது என்பதைத் தமிழாய்வாளர் அறிவர். அச்சொல்லைச் சான்றாக ஏற்கும் துறை எதுவும் அரசில் இருக்கவில்லை. எனவே குறிப்பேட்டுக்குத் துணையாக வாளி தேவைப்பட்டது. பிடிக்கப்பட்ட காற்று அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. 2004-இல் வெளியான அறிக்கை, எத்திலீன் டைகுளோரைடு உட்பட 20க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் அக்காற்றில் இருந்ததாகவும், புற்றுநோய் உண்டாக்குவன அவற்றுள் உண்டு எனவும் தெரிவித்தது.

இங்கு எழுந்த இடர் நோர்கோவினதைக் காட்டிலும் பெரிது. லூசியானாவில் பொருந்தாத நெறிமுறையாவது இருந்தது. இந்தியாவில் இச்சேர்மங்களுக்குச் சுற்றுப்புறக் காற்று நெறிமுறையே அப்போது இல்லை. ஆகவே அறிக்கை அமெரிக்க முகமையின் முன்னாய்வு வரம்புகளோடு தன் எண்களை ஒப்பிட்டது. அவ்வரம்புகள் வாழ்நாள் முழுவதும் சுவாசிப்பதை அடிப்படையாகக் கொண்டவை. வாளியோ சில நிமிடக் காற்றைக் கொண்டது. இவ்வொப்பீடு அளவியல் நோக்கில் குறையுடையது என்பதை மறுக்க இயலாது. ஆனால் சரியான ஒப்பீட்டைச் செய்யும் வாய்ப்பு அம்மக்களுக்கு அளிக்கப்பட்டிருக்கவில்லை. குறையுடைய அந்த இரவல் எண்ணே வேலையைச் செய்தது. தீங்கான கழிவுகள் குறித்த உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு அதே ஆண்டில் கடலூருக்கு வந்தது. சுற்றுப்புறக் காற்றிலுள்ள நச்சு வாயுக்களுக்கு நெறிமுறை வகுக்க வேண்டும் என வலியுறுத்தியது. பின்னர் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் கடலூர்க் காற்றில் எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களை ஆய்ந்தது. பொது நிறுவனம் ஒன்று அங்கு அச்சேர்மங்களை அளக்கத் தொடங்கியது, ஊரார் அளந்த பிறகுதான்.

நெறிமுறைகள் வந்த பின்

2009 நவம்பரில் திருத்தப்பட்ட தேசியச் சுற்றுப்புறக் காற்றுத் தர நெறிமுறைகள் 12 மாசுகளைப் பட்டியலிட்டன. பென்சீன் முதன்முறையாக இடம்பெற்றது. கடலூர் அறிக்கையே இதற்குக் காரணம் என வாதிடுவது மிகையாகும். பெருநகர வாகனப் புகை பற்றிய கவலைக்கும் இதில் பங்குண்டு. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான தொழிற்பகுதி மாசுக் குறியீட்டில் 70-க்கு மேல் பெற்ற பகுதிகள் மிகவும் மாசடைந்தவை என வகைப்படுத்தப்பட்டன. கடலூர் 77.45 பெற்றது. சென்னைச் சுத்திகரிப்பு ஆலையையும் அதனைச் சார்ந்து வளர்ந்த பெட்ரோ வேதி, உர ஆலைகளையும் கொண்ட மணலி 76.32 பெற்றது.

சுத்திகரிப்பு ஆலைகளுக்கு 2008-இலும் பெட்ரோ வேதி ஆலைகளுக்கு 2012-இலும் அறிவிக்கப்பட்ட வெளியேற்ற நெறிமுறைகள், கசிவு கண்டறிதலையும் பழுது நீக்கலையும் இந்தியாவில் சட்டக் கடமையாக்கின. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் எண்களை இணையவழி நேரடியாக வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும் எனப் பணித்தது. மனிதக் கை இடையில் புகாமல் எண் வந்து சேர்வது பெரும் முன்னேற்றமே. ஆனால் அக்கருவிகள் பெரும்பாலும் புகைபோக்கியில்தான் உள்ளன. வால்வுகளின் கசிவுக்கு இன்றும் கையடக்கக் கருவியும் பணியாளரின் பொறுமையுமே துணை.

வேலியோரத்தைச் சட்டமாக்கியது அமெரிக்கா. 2015 டிசம்பரில் வெளியான விதியின்படி ஒவ்வொரு சுத்திகரிப்பு ஆலையும் தன் எல்லையைச் சுற்றி உறிஞ்சு குழாய்களைப் பொருத்திப் பென்சீனை அளக்க வேண்டும். 2018-இல் இம்முறை நடைமுறைக்கு வந்தது. சுற்றிலும் பதிவான அளவுகளுள் மிகக் கூடியதிலிருந்து மிகக் குறைந்ததைக் கழித்தால், வெளியிலிருந்து வந்த பென்சீன் நீங்கி ஆலையின் பங்கு கிடைக்கும். அதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 9 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஆலை காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்தாக வேண்டும். முடிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. கணக்கேட்டு எண்ணுக்கு மாறாக வேலியில் அளந்த எண்ணை ஆலையின் பொறுப்பாக்கிய வகையில், வாளிப் படையினர் இருபது ஆண்டுகளாகக் கேட்டதன் ஒரு பாதி இது. மறு பாதி கிடைக்கவில்லை. குழாய்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுபவை. முன்பு கூறிய 2,000 மைக்ரோகிராம் இரவை, 336 மணி நேரத்தின் சராசரியில் அக்குழாய் ஏறத்தாழ 6 மைக்ரோகிராமாகவே பதிவு செய்யும். எந்த நாள், எந்த மணி என்பது அதில் இராது.

இந்திய நெறிமுறை அட்டவணையில் கந்தக டை ஆக்சைடுக்கு நேரே ஆண்டு, 24 மணி நேரம் என இரு கால அளவுகள் உள்ளன. பென்சீனுக்கு நேரே இருப்பது ஆண்டு ஒன்றே. அளவு 5 மைக்ரோகிராம். கடலூர்க் காற்றில் கண்டறியப்பட்ட எத்திலீன் டைகுளோரைடு அப்பட்டியலில் இல்லை. நாற்றம் எழுந்த நாளும் நேரமும் ஊராரின் குறிப்பேடுகளில் உள்ளன.